காலுள்ள தட்டு

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி நடைபாதையில்
குக்கர் மூடிகளுக்கும் ஒற்றைச் செருப்புகளுக்கும் நடுவில்
தலைகீழாகக் கிடந்தது.
பூத்தொட்டி என்றான் விற்கிறவன்.
புரட்டி நிமிர்த்தினேன்.
தடித்த பச்சைக் கண்ணாடி, ஒற்றைக் கால்,
விளிம்பில் நகமளவு உடைசல்.
இருநூறு சொன்னான், நூற்றிருபதுக்கு முடிந்தது.
ஸ்கூட்டரை அணைக்காமலே எத்துவார் கேட்டார்:
"தட்டுக்கு எதுக்குக் கால்? எங்க நடக்கப் போகுது?"

நடந்தது. பிறகு சொல்கிறேன்.

எட்டு அங்குல கேக்குக்குப் பத்து அங்குலத் தட்டு வேண்டும்.
சுற்றிலும் இரண்டு விரல் விளிம்பு,
கத்தி இறங்கி நிற்க, உதிர்ந்தது உட்கார.
குள்ளமான ரவை கேக்குக்கு நெட்டைக் கால்.
மூன்றடுக்குக்குக் குட்டைக் கால் போதும்,
இல்லாவிட்டால் மின்விசிறிக்கு ஊட்டிவிட வேண்டியதுதான்.
அடியில் ஒரு பொட்டு கிரீம் தடவி ஒட்ட வேண்டும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
ஒரு காபி கேக் வழுக்கிப்போய்
பங்குத்தந்தையின் மடியில் அமர்ந்த அன்று தெரிந்துகொண்டேன்.

மெலமைனுக்கு எடை இல்லை, வெட்டினால் கூடவே வருகிறது.
மரம் ஐப்பசியில் பூஞ்சை பிடித்தது, கேக்குக்கு முன்னால்.
தகரம் துருவேறியது. கடல் இரண்டு தெரு தள்ளித்தான்,
ஆனால் உப்புக்கு முகவரி தேவையில்லை.
கண்ணாடி மூடி போட்டால் உள்ளே கிரீம் வியர்க்கிறது,
மே மாதத்து என்னைப் போல.
போடாவிட்டால் எறும்பு.
அதற்குத்தான் கால், எத்துவார்.
தண்ணீர் ஊற்றிய கிண்ணத்தில் காலை நிறுத்தினேன்.
கரையில் நின்று
மூன்று எறும்புகள் வெகுநேரம் யோசித்தன.

ஆர்டர் கேக்கோடு ஸ்டாண்டும் போகும்.
முன்பணம் ஐந்நூறு, திங்கட்கிழமைக்குள் கழுவித் தர வேண்டும்.
வைத்திக்குப்பம் அஞ்சாலாட்சி வாங்கிப் போனாள்,
மகள் நர்சிங் முடித்ததற்கு.
அன்னாசி, இரண்டு கிலோ,
மேலே நீலத்தில் 'சிஸ்டர் சுகப்பிரியா.'
திங்கள் போனது. அடுத்த திங்களும்.
போன் செய்தால் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்,
"அப்புறம் பேசறேன் கேக்கக்கா!"

மூன்றாவது வாரம் பெரிய மார்க்கெட்டுக்கு இறால் வாங்கப் போனேன்.
மீன் வரிசையில் ஓர் இடத்தில் மட்டும் கூட்டம்.
எட்டிப் பார்த்தால்
பச்சைக் கண்ணாடி.
அதன்மேல் வெள்ளை வவ்வால், ஒன்றே ஒன்று,
வட்டமாக நறுக்கிய வாழையிலையில்,
சுற்றிலும் அச்சாக இரண்டு விரல் விளிம்பு விட்டு.
கால் ஐஸ் தண்ணீரில் நின்றது.
ஒரு பூனை வெகுநேரம் யோசித்தது.

நான் வாய் திறப்பதற்குள் அவளே ஆரம்பித்தாள்:
"தரையில வெச்சா மீனுக்கா. இதுல வெச்சா மாப்பிள்ளை.
கிலோவுக்கு நாப்பது ரூவா கூட நிக்குது.
பேரம் பேசவே கூச்சப்படறாங்க."

உடைசல் பக்கத்தைத் தன்னை நோக்கித் திருப்பி வைத்திருந்தாள்.
நானும் அப்படித்தான் வைப்பேன்.
அதைப் பார்த்த பிறகு
கேட்க வந்தது தொண்டையோடு நின்றுவிட்டது.
ஐந்நூறை அவள் கேட்கவில்லை.
எடை போடாமல் இரண்டு கை இறால்
என் பைக்குள் விழுந்தது.

"கிடைச்சுதா?" என்றார் எத்துவார்.
"வேலைக்குப் போயிருக்கு" என்றேன்.
அவர் ஏதோ சொல்ல வந்து, பையைப் பார்த்து,
இஞ்சி இருக்கிறதா என்று தேடப் போனார்.

நாளை மறுநாள் நெல்லித்தோப்பில் ஒரு ஞானஸ்நானம்.
சில்வர் டப்பாவைக் கவிழ்த்து
மேலே தாம்பாளத்தை வைத்து
விரலால் தட்டிப் பார்க்கிறேன். ஆடுகிறது.
அடியில் பழைய பேப்பரை மடித்துச் சொருகினால்
இன்னொரு பக்கம் ஆடுகிறது.
ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் நான்கு நாள்.